முரசும் நோபாட்டும்: சீன, ஹவாய் மரபுகளின் ஒளியில் அரசச் சடங்கும் தொன்மமும்

முன்னுரை

2003ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 8ஆம் நாள், கிள்ளான் நகரில் உள்ள இஸ்தானா ஆலாம் ஷா அரண்மனையில் சிலாங்கூர் சுல்தான் ஷராஃபுடின் இட்ரிஸ் ஷா முடிசூட்டப்பெற்றார். தந்தையார் சுல்தான் சலாஹுடின் அப்துல் அசிஸ் ஷா 2001 நவம்பரில் மறைந்தபொழுதே ஆட்சிப் பொறுப்பு மைந்தரிடம் வந்துவிட்டது. ஆயினும் ஓராண்டிற்கு மேல் கழித்து நடந்த அவ்விழாவில்தான் நோபாட் எனப்படும் அரச இசைக்கருவிகள் முறைப்படி முழங்கின. மலாய் மொழியில் அரசரை அரியணையில் அமர்த்துவதைக் குறிக்கும் வினை ‘மெனாபால்கான்’ என்பதாகும். அதன் பகுதியாகிய ‘தாபால்’ என்பது முரசைக் குறிக்கும் அரபுச் சொல்லின் வழிவந்தது. நாம் மன்னனுக்கு முடியைச் ‘சூட்டுகிறோம்’. மலாய் மொழியோ மன்னனை ‘முரசறைந்து’ ஆக்குகிறது. தலையில் வைக்கும் பொன்னைக் காட்டிலும் காதில் விழும் ஒலியே அரசனை ஆக்குகிறது என்னும் கருத்து அச்சொல்லுக்குள் அடங்கியுள்ளது.

சங்க இலக்கியம் பயின்ற மாணவர் ஒருவர் இதைக் கேட்டவுடன் ‘இது நம் முரசல்லவா?’ என்று எண்ணுவது இயல்பு. மலேசியத் தமிழருக்கு அவ்வெண்ணத்தில் ஒரு கூடுதல் ஈர்ப்பும் உண்டு. இந்நாட்டின் அரச மரபில் தம் முன்னோரின் கைத்தடம் இருப்பதாகக் காட்ட இயலுமானால், அது வெறும் இலக்கியச் செய்தியாக நின்றுவிடாது. இக்கட்டுரையாளனுக்கும் அவ்வாசை இருந்ததுண்டு. எனினும், ஒப்புமை வேறு, உறவு வேறு. இரண்டு வீட்டார் ஒரே மாதிரிக் கோலமிடுவதால் அவர்கள் உறவினர் ஆகிவிடுவதில்லை. எது கடன்பெற்றது, எது தானே தோன்றியது என்பதைப் பிரித்தறிய வேண்டுமாயின், தமிழரோடு தொடர்பே கொள்ளாத ஒரு மரபையும் அருகில் வைத்துப் பார்த்தல் வேண்டும். பசிபிக் மாகடலின் நடுவில் உள்ள ஹவாய்த் தீவுகள் அதற்கு உதவுகின்றன. அரசனின் உரிமை எங்கிருந்து வருகிறது என்னும் வினாவைப் பழங்காலத்திலேயே கூர்மையாக எழுப்பிய சீன மரபு மற்றொரு துணையாகிறது.

தமிழரின் முரசு

சங்ககால முரசு ஓர் இசைக்கருவி மட்டுமன்று. அஃது அரசனுக்கு இணையான மதிப்புடைய பொருளாகும். வீர முரசு, நியாய முரசு, தியாக முரசு என மூவகை முரசினை உரையாசிரியர்கள் குறிப்பர். தம்முள் போரிட்ட இரு காளைகளுள் வென்றதன் தோலை மயிர் சீவாமல் அப்படியே போர்த்து முரசு செய்யப்பட்டதைப் புறநானூற்றின் 288ஆம் பாடலால் அறிகிறோம். தோற்ற காளையின் தோல் அதற்கு ஆகாது. பகைவரின் காவல் மரமாகிய கடம்பினை வெட்டி இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் முரசு செய்துகொண்ட செய்தியைப் பதிற்றுப்பத்துப் பேசுகிறது. எதிரியின் உயிர்நிலையாகக் கருதப்பட்ட மரமே வென்றவனின் குரலாக மாறுகிறது! முரசுக்கு நீராட்டும் பலியும் உண்டு. அது தங்குவதற்குத் தனிக்கட்டிலும் உண்டு.

அந்த முரசுகட்டிலில்தான் மோசிகீரனார் அறியாது ஏறிப் படுத்துறங்கினார். முரசு நீராட்டுக்குச் சென்றிருந்த வேளை அது. முறைப்படி அவரை இருகூறாக வெட்டியிருக்க வேண்டிய தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை, வாளை வைத்துவிட்டு அவர் விழிக்கும்வரை விசிறி கொண்டு வீசினான். புறநானூற்றின் 50ஆம் பாடலாகிய இதனைத் தமிழ்ப்பற்றுக்கும் புலவர் பெருமைக்கும் எடுத்துக்காட்டாகவே பள்ளி நாள் முதல் கற்று வருகிறோம். சடங்கியல் நோக்கில் இப்பாடல் வேறொன்றையும் சொல்கிறது. முரசுகட்டிலைத் தீண்டுதல் மரண தண்டனைக்குரிய குற்றம் என்று கேட்போர் அனைவரும் அறிந்திருந்தாலன்றி, இரும்பொறையின் செயல் வியப்பிற்குரியதாக ஆகாது. விதிவிலக்கைப் பாடிய பாடல் விதியையும் நமக்குக் காத்துத் தந்துள்ளது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் நோபாட்

மலேசியாவில் கெடா, பேராக், சிலாங்கூர், திரெங்கானு ஆகிய நான்கு மாநில அரசுகளே நோபாட் உடையவை. நெங்காரா என்னும் ஒருமுகப் பேரிகை, இருமுக முழவுகளாகிய கெண்டாங், நாபிரி என்னும் நீண்ட ஊதுகொம்பு, நாயனத்தை ஒத்த செருனாய் ஆகியவை அதில் முதன்மையானவை. இவற்றை எல்லாரும் இசைத்துவிட முடியாது. தலைமுறை தலைமுறையாக அவ்வுரிமை பெற்ற குடியினர் இசைப்பதே மரபு. அரசர் அரியணை ஏறுகையிலும் மறைந்து அடக்கம் செய்யப்படுகையிலும் ஒலிக்கும் இவ்விசை, மற்ற நாள்களில் பொதுமக்கள் செவிக்கு எளிதில் எட்டுவதில்லை.

சிலாங்கூர் அரசமரபின் தோற்றத்திலேயே நோபாட் இடம்பெறுகிறது. இம்மாநிலத்தின் அரசகுலம் பூகிஸ் மரபினரிடமிருந்து வந்தது. கடலோடிகளும் போர்வீரர்களுமாகிய அவர்கள் 18ஆம் நூற்றாண்டில் இக்கரையில் செல்வாக்கு உற்றனர். வலிமை அவர்களிடம் இருந்தது. மலாக்கா அரசமரபின் தொடர்ச்சி இல்லை. அத்தொடர்ச்சி பேராக் சுல்தானிடம் இருந்தது. ஆகவே ராஜா லூமு என்னும் தலைவரைப் பேராக் சுல்தான் மாஹ்மூட் ஷா முறைப்படி அரசராக அமர்த்தி, நோபாட் கருவிகளையும் வழங்கினார். அவரே சிலாங்கூரின் முதல் சுல்தானாகிய சலேஹுடின். நிலமும் படையும் உடைய ஒருவருக்கு வேறோர் அரசர் தந்த முரசு தேவைப்பட்டது என்பதே இந்நிகழ்ச்சியில் நாம் ஊன்றி நோக்க வேண்டிய செய்தி. நோபாட் இங்கு அணிகலனாக நிற்கவில்லை, பத்திரமாக நிற்கிறது.

சிலாங்கூரில் ஆங்கிலேய அதிகாரியாகப் பணியாற்றிய வால்டர் ஸ்கீட், 1900இல் வெளியிட்ட ‘மலாய் மேஜிக்’ என்னும் நூலில் இக்கருவிகளைப் பற்றிச் சுவையான குறிப்புகளைத் தந்துள்ளார். அரச முரசின் மரக்கூட்டை அறியாது மிதித்துவிட்ட ஒருவர் அதனாலேயே இறந்தார் என்று மக்கள் நம்பினர். ஸ்கீட்டும் நாபிரியைத் தொட்டுப் பார்த்தார். சின்னாளில் அவருக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. அவருடைய மலாய் நண்பர்கள் அதில் வியப்பொன்றும் காணவில்லையாம். மோசிகீரனாருக்கு விசிறி கிடைத்தது, ஸ்கீட்டுக்குக் காய்ச்சல் கிடைத்தது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் இரண்டு கதைகளின் அடியிலும் ஓடும் நம்பிக்கை ஒன்றே.

இனி, கருவிகளின் பெயர்களை நோக்குவோம். நோபாட் என்பது பாரசீக மொழியின் ‘நௌபத்’. நெங்காரா என்பது அரபு மொழியின் ‘நக்காரா’. நாபிரி, செருனாய் ஆகியனவும் மேலை ஆசிய மொழிகளின் சொற்களே. முரசு, முழவு, தண்ணுமை, கொம்பு ஆகிய நம் சொற்களில் ஒன்றுகூட அங்கில்லை. இதே ‘நக்காரா’ தமிழகத்திற்கும் வந்து ‘நகரா’ ஆயிற்று. மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்கே நகரா மண்டபம் நிற்கிறது. நாகூர் தர்காவிலும் நகரா முழங்குகிறது. ஆக, மலாய் நோபாட்டும் தமிழகக் கோயிலின் நகராவும் தாயும் மகளுமாகத் தோன்றவில்லை. ஒரே மேற்கு மூலத்திலிருந்து பிரிந்த உடன்பிறப்புகளாகவே தோன்றுகின்றன. மலாய் மரபும் இவ்விசையின் தோற்றத்தை இந்தியாவில் வைக்கவில்லை. பிந்தான் தீவின் அரசியே முதன்முதலில் நோபாட் அமைத்தார் என்று ‘செஜாரா மெலாயு’ கூறுகிறது.

ஹவாயின் பாஹு

பெயர் மேலைநாட்டினது ஆகலாம், முரசைத் தெய்வமாகப் போற்றும் வழக்காவது நம்மிடமிருந்து சென்றிருக்கக் கூடாதா என்று ஒருவர் வினவக்கூடும். இங்கேதான் ஹவாய் நமக்கு உரைகல் ஆகிறது.

ஹவாயின் அரச முரசின் பெயர் பாஹு. மரத்தின் அடித்தண்டைக் குடைந்து, அதன் வாயில் சுறாமீனின் தோலைப் போர்த்துச் செய்வர். காகிகி எனப்பட்ட தொலைநாட்டிலிருந்து லாஅமாய்காகிகி என்னும் தலைவன் இம்முரசைப் படகில் ஏற்றிக் கொணர்ந்தான் என்பது அத்தீவினரின் தொன்மம். கடலில் வந்துகொண்டிருந்த முரசின் ஒலி கரையிலிருந்தோரைத் திகைக்க வைத்ததாம். ஹெயாவ் எனப்படும் கற்றளிகளில் அரசச் சடங்குகளின்போது அது முழங்கியது. ஒவாஹு தீவின் குகானிலோகோ என்னுமிடத்தில் அரசகுலப் பெண்டிர் மகப்பேற்றிற்கென்றே வைத்திருந்த கற்கள் இன்றும் உள்ளன. அங்குக் குழந்தை பிறந்தவுடன் ஹாவெயா, ஓபுகு என்று பெயர் பெற்ற முரசுகள் அறையப்பட்டன. முரசுக்குத் தனிப்பெயர் இருப்பதையும், அது படகேறி வந்த விருந்தினனாக மதிக்கப்படுவதையும் நோக்குக.

தமிழர் முரசுக்கு வென்ற காளையின் தோல். ஹவாய் முரசுக்குக் கடலின் வல்விலங்காகிய சுறாவின் தோல். தமிழகத்தில் முரசுகட்டிலைத் தீண்டியவனுக்கு வாள். ஹவாயிலோ ‘கபு’ எனப்பட்ட விலக்குமுறைப்படி, உயர்குலத் தலைவனின் மீது குடிமகன் ஒருவனின் நிழல் விழுந்தாலும் மரணம். இவ்வொப்புமைகள் மிக நெருக்கமானவை. ஆயின் எந்தத் தமிழ்க் கலமும் பழங்காலத்தில் ஹவாயைத் தொட்டதில்லை. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு பாலினேசிய மாலுமிகள் குடியேறும்வரை அங்கு மனிதரே இருந்ததில்லை. தொடர்பே இல்லாத இரண்டு நாடுகளில் இத்துணை ஒப்புமை தோன்ற முடியுமாயின், முரசு வழிபாடு என்னும் ஒன்றை மட்டும் சான்றாகக் கொண்டு நோபாட்டைத் தமிழர் முரசின் வழித்தோன்றல் எனக் கூற இயலாது.

இதில் ஒரு வியப்பும் உண்டு. ஹவாய்க்குத் தமிழோடு உறவில்லை எனினும், மலாய் மொழியோடு உண்டு. இரண்டும் ஆஸ்திரோனேசிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கண்ணைக் குறிக்கும் மலாய்ச் சொல் ‘மாத்தா’, ஹவாய்ச் சொல் ‘மகா’. நெருப்பு முறையே ‘ஆப்பி’, ‘அஹி’. ஐந்து இரண்டிலும் ‘லீமா’. வானம் மலாயில் ‘லாங்கிட்’, ஹவாயில் ‘லானி’. இந்த ‘லானி’ வானத்தையும் குறிக்கும், மேன்மைமிகு தலைவனையும் குறிக்கும். 1893இல் அரியணை இழந்த ஹவாயின் இறுதி அரசி லிலியுஒகலானியின் பெயர் ஈற்றில் நிற்பதும் இச்சொல்லே. பிரிக்பீல்ட்ஸ் பள்ளியில் ‘லாங்கிட்’ என்று எழுதிப் பழகும் தமிழ்ச் சிறுவன், தன்னை அறியாமலேயே ஹவாய் அரசியின் பெயரில் பாதியைக் கற்றுவிடுகிறான்.

இவ்வுறவை உணர்ந்தவர்களுள் இரண்டு அரசர்களும் அடங்குவர் என்பது வரலாற்றின் அழகு. 1881இல் உலகப் பயணம் மேற்கொண்ட ஹவாய் மன்னர் கலாகாவுவா, சீனாவையும் சயாமையும் கண்டு சிங்கப்பூர் வழியாக ஜொகூர் வந்து, மகாராஜா அபு பக்கரின் விருந்தினராகத் தங்கினார். இருவரும் தத்தம் மொழிச் சொற்களை எடுத்துக்கூறி ஒப்பிட்டுப் பார்த்து, பல சொற்கள் ஒத்திருப்பதைக் கண்டு மகிழ்ந்தனர். உடன்சென்ற அமைச்சர் வில்லியம் ஆம்ஸ்ட்ராங் 1904இல் வெளியிட்ட பயண நூலில் இச்சந்திப்பை எழுதியுள்ளார். ஆக, நோபாட்டையும் பாஹுவையும் ஒப்பிடும்போது பொதுப்பழமை ஒன்று அடியில் இருக்கலாமோ என்று ஐயுறுவதற்காவது மொழியியல் இடமளிக்கிறது. முரசுக்கும் பாஹுவுக்கும் அவ்விடமும் இல்லை.

கடல்வழி வந்த வேந்தர்

சடங்கை விட்டுத் தொன்மத்திற்கு வருவோம். இங்குத் தமிழரின் நிலை சற்று மேம்படுகிறது.

செஜாரா மெலாயு, சூலாலாத்துஸ் சாலாத்தின் என்றும் வழங்கும் மலாய் அரச வரலாற்று நூலின் பெயர்பெற்ற வடிவம் 1612ஐ ஒட்டித் தொகுக்கப்பெற்றது; துன் ஸ்ரீ லானாங்கின் பெயரோடு இணைத்துப் பேசப்படுவது. 2001இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டிலும் அது இடம்பெற்றது. அதன் தொடக்கத்தில் இந்திய நாட்டுப் பேரரசன் ஒருவன் வருகிறான். பிரதிக்குப் பிரதி அவன் பெயர் ராஜா சூரான் எனவும் ராஜா சூலான் எனவும் மாறுகிறது. கங்கா நெகாராவை அழித்து, கருங்கற்கோட்டை சூழ்ந்த வேறொரு நகரையும் வென்று, சீனத்தின்மீது படையெடுக்க எண்ணித் தெமாசெக் என்னும் பழைய சிங்கப்பூர்வரை வருகிறான்.

சீன அரசன் படை அனுப்பவில்லை. ஒரு கப்பலை அனுப்பினான். அதில் துருப்பிடித்த ஊசிகளும், காய்த்து நிற்கும் மரங்களும், பல்லுதிர்ந்த முதியோரும் இருந்தனர். சீனம் எவ்வளவு தொலைவு என்று கேட்டதற்கு, “நாங்கள் புறப்படும்போது சிறுவர், இம்மரங்கள் அப்பொழுது விதைகள், இவ்வூசிகள் கைப்பருமன் இரும்புக் கம்பிகள்” என்னும் பொருள்பட அவர்கள் விடை கூறினர். அரசன் நம்பித் திரும்பிவிட்டான். உலகை வெல்லும் வேந்தனை மூப்பு என்னும் படையால் வென்ற சீனனின் நுண்ணறிவை மலாய்ப் புலவர் மிக நயமாகப் பாராட்டியிருக்கிறார். பின்னர் அவன் கண்ணாடிப் பேழையில் கடலடிக்கு இறங்கி, அங்குள்ள அரசகுமாரியை மணக்கிறான். அவன் வழியினருள் ஒருவரே பலெம்பாங்கின் சிகுந்தாங் குன்றில் தோன்றிய சாங் சாபுர்பா. அவர் தோன்றிய இரவில் அங்கிருந்த இரு பெண்டிரின் நெல் பொன்னாயிற்று என்பது கதை.

சூலான் என்பது ‘சோழன்’ என்பதன் திரிபென்றும், இக்கதை முதலாம் இராசேந்திரன் 1025இல் நிகழ்த்திய கடற்படையெடுப்பின் மங்கிய நினைவென்றும் அறிஞர் பலர் கருதுவர். தஞ்சைக் கல்வெட்டு, இராசேந்திரன் ஸ்ரீவிசய மன்னன் சங்கிராம விசயோத்துங்கவர்மனைச் சிறைப்பிடித்து, யானைகளையும் வித்தியாதர தோரணம் முதலாய வாயில்களையும் கைப்பற்றியதைக் கூறுகிறது. கடாரத்தையும் பிற ஊர்களையும் பெயர் சுட்டிப் பட்டியலிடுகிறது. கோலாலம்பூர் நடுவே உள்ள ராஜா சூலான் சாலை பேராக் அரசகுடும்பத்து இளவரசர் ஒருவரின் நினைவாகப் பெயர் பெற்றது. அப்பெயரில் சோழரின் எதிரொலி இருப்பதை அவ்வழிச் செல்லும் தமிழர் பலரும் அறியார்.

கடலடி மணத்திற்கும் தமிழில் இணை உண்டு. சோழன் ஒருவன் பிலத்தின் வழியே நாகநாடு சென்று நாககன்னியை மணந்தான் என்றும், அவர்கள் மகன் தொண்டைக் கொடியை அடையாளமாகச் சூடிக் கடலலையில் மிதந்துவந்து திரையன் எனப் பெயர் பெற்றான் என்றும் பெரும்பாணாற்றுப்படை உரையில் நச்சினார்க்கினியர் எழுதுவார். மணிமேகலையிலும் பீலிவளை என்னும் நாககன்னியின் கதை வருகிறது. சோழன் என்னும் பெயரும் கீழுலக மணமும் ஒருங்கே மலாய்க் கதையில் காணப்படுவது தற்செயலாக இருக்க முடியாது என்பது இக்கட்டுரையாளனின் துணிபு. பெயரும் கதையும் சேர்ந்து வருமிடத்தில் உறவு பேசலாம். வடிவ ஒப்புமை மட்டும் இருக்குமிடத்தில் பொறுத்தல் நன்று.

ஏனெனில், அரசன் வேற்றிடத்திலிருந்து வந்தவன் என்னும் கரு உலகெங்கும் உள்ளது. ஹவாய்த் தொன்மத்தில் பாஆவோ என்னும் பூசகன் அத்தீவில் தகுதியான தலைவன் இல்லையென்று கண்டு, தன் தாய்நாட்டிலிருந்து பிலி என்பவனை அழைத்துவந்து அரசனாக்குகிறான். மார்ஷல் சாலின்ஸ் என்னும் மானிடவியல் அறிஞர் 1980களில் இக்கருவை விரித்துரைத்தார். ஹவாயின் மகாகிகித் திருவிழா நான்கு திங்கள் நீள்வது. லோனோ என்னும் தெய்வத்திற்குரியது. அக்காலத்தில் போர் விலக்கு. விழா முடிவில் கடலிலிருந்து கரையேறும் அரசன்மீது ஈட்டி எறியப்படும். அதை எதிர்கொண்டுதான் அவன் மீண்டும் தன் நாட்டை அடைகிறான். ஆண்டுதோறும் அரசன் அயலானாகி, மீண்டும் உரியவன் ஆகிறான். 1779 சனவரியில் அவ்விழாக் காலத்தில் வந்திறங்கிய கேப்டன் குக்கை மக்கள் லோனோவாகவே கருதினர் என்றார் சாலின்ஸ். இலங்கையில் பிறந்த மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர 1992இல் எழுதிய நூலில் அதனைக் கடுமையாக மறுத்தார். வெள்ளையனைத் தெய்வமாக்கியது ஹவாய் மக்களின் கற்பனை அன்று, ஐரோப்பியரின் கற்பனை என்பது அவர் வாதம். சாலின்ஸ் 1995இல் மறுப்புக்கு மறுப்பு எழுதினார். பிறர் மரபில் நம் பெருமையைத் தேடும் எவரும் இவ்வாதத்தைப் படித்தல் வேண்டும்.

சொற்கள் தரும் சான்று

மலாய் அரசவைச் சொற்களை எடுத்துக்கொண்டால் இந்தியத் தடம் ஐயமின்றித் தெரிகிறது. ராஜா, பெர்மாய்சூரி, புத்தெரா, சிங்காசானா, இஸ்தானா, மாக்கோத்தா, பெண்டஹாரா ஆகியன பரமேசுவரி, புத்திரன், சிங்காசனம், ஆஸ்தானம், மகுடம், பண்டாரம் முதலியவற்றோடு உறவுடையவை. அரசரைக் குறிக்கும் மரியாதைத் தொடரில் வரும் ‘டூலி’ என்பது தூளியே. அரசனின் காலடித் தூசியை நோக்கிப் பேசுவதாகப் பணிவு காட்டும் வழக்கு அது. அரசத் துரோகத்தைக் குறிக்கும் ‘டெர்ஹாகா’வும் அத்தகையதே. இவை யாவும் வடமொழிச் சொற்கள்.

தமிழ்ச் சொற்களோ வேறிடத்தில் நிற்கின்றன. காப்பால், கெடாய், மோடால், பெத்தி, காத்தில் ஆகியன நம் கப்பல், கடை, முதல், பெட்டி, கட்டில். வணிகரும் மாலுமியும் வீட்டாரும் புழங்கிய சொற்கள் இவை. தமிழில் ‘கட்டில்’ அரியணையையும் குறித்தது. அரசுகட்டில், முரசுகட்டில் என்றோம். மலாய் மொழி அச்சொல்லை உறங்குமிடத்திற்கு மட்டும் பெற்றுக்கொண்டு, அரியணைக்குச் சிங்காசானாவைத் தேர்ந்தது. தமிழர் இங்குக் கடையோடும் கப்பலோடும் வந்து நிலைத்தனர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. வடசொற்களைக் கொணர்ந்தோருள் தென்னாட்டு அந்தணரும் இருந்திருக்கலாம். அது தனியே ஆராயத்தக்கது.

சாங் சாபுர்பாவின் கதையில் மாட்டின் வாய்நுரையிலிருந்து ‘பாட்’ என்பவன் தோன்றி அரசனுக்கு வடமொழி வாழ்த்துரைக்கிறான். பட்டர் என்னும் சொல்லை அப்பெயரில் காண்போர் உளர். ‘சீரி’ எனப்படும் அவ்வாழ்த்து, ஒலி சிதைந்த வடமொழியில், பேராக் அரியணை விழாவின் மரபாகத் தொடர்கிறது. மனிதர் வழித் தொடர்பு வேண்டுவோர் மலாக்காவைப் பார்க்கலாம். இந்தியாவின் பஹிலி என்னும் நாட்டிலிருந்து வந்த மணி புரிந்தான் என்பவர் மலாக்காப் பெருங்குடியில் பெண் கொண்டதையும், அவர் மகன் துன் அலி ஸ்ரீ நாரா டிராஜா என்னும் உயர்பட்டம் பெற்றதையும் செஜாரா மெலாயு விரிவாகக் கூறுகிறது.

சீனரின் ஒன்பது கலங்கள்

சீனத்தில் அரசுரிமையின் அடையாளம் முரசன்று. முக்காலுடைய வெண்கலப் பாத்திரங்கள். வெள்ளத்தை அடக்கிய யூ மன்னன் ஒன்பது நாட்டுப் பகுதிகளின் வெண்கலத்தைக் கொண்டு ஒன்பது கலங்கள் வார்த்தான் என்றும், அவை சியா, ஷாங், சௌ மரபுகளுக்குக் கைமாறின என்றும் தொன்மம் கூறும். கி.மு. 606இல் வலிமை பெற்றுவந்த சூ நாட்டு மன்னன் சுவாங், சௌ மன்னனின் தூதர் வாங்சுன் மானிடம் அக்கலங்களின் எடை எவ்வளவு என்று கேட்டான். எடுத்துச் செல்லும் எண்ணமின்றி எவரும் எடை கேட்பதில்லை. அறமுடையோனிடம் சிறிய கலமும் அசைக்க முடியாத கனமுடையது, அறமிழந்தோனிடம் பெரிய கலமும் இலேசானது என்னும் கருத்தில் தூதர் விடையளித்ததாக ‘சுவோ சுவான்’ என்னும் வரலாற்று நூல் குறிக்கிறது.

இவ்விடையின் பின்னணி ‘வானத்தின் ஆணை’ என்னும் கோட்பாடு. கி.மு. 11ஆம் நூற்றாண்டில் ஷாங் மரபை வீழ்த்திய சௌ மரபினர், கொடுங்கோலனிடமிருந்து வானம் தன் ஆணையைத் திரும்பப் பெறும் என்று கூறித் தம் செயலை முறைப்படுத்தினர். ஏழாண்டு வறட்சியின்போது தாங் மன்னன் தன்னையே பலியாக்க முன்வந்து மழை வேண்டினான் என்னும் கதையும் இக்கோட்பாட்டின் பாற்பட்டதே. மழை பொய்த்தால் மன்னனைக் குறைகூறும் சங்கப் புலவர்க்கு இக்கதை புதிதாக இராது.

மலாய்த் தொன்மம் இவ்வினாவிற்கு வேறு விடை தருகிறது. சாங் சாபுர்பாவுக்கும் பலெம்பாங் தலைவர் டெமாங் லெபார் டாவுனுக்கும் இடையே ஓர் உடன்படிக்கை நிகழ்ந்தது. அரசன் எத்துணைக் கொடியவனாயினும் குடிகள் துரோகம் செய்தல் ஆகாது. குடிகள் எத்துணைப் பிழை செய்யினும், கொல்லலாமேயன்றி, அவமானப்படுத்தல் ஆகாது. அரசன் குடிகளை இழிவுபடுத்தினால் அவன் நாட்டை இறைவன் அழிப்பான். சீனம் குடிகளின் கிளர்ச்சியில் வானத்தைக் கண்டது. மலாய் மரபு கிளர்ச்சியை விலக்கி, தண்டனையை வானத்திடமே விட்டது. விட்டதோடு நில்லாமல் அத்தண்டனை நிகழ்ந்ததையும் அந்நூல் காட்டுகிறது. தன் மகள் பழிசுமத்தப்பட்டு ஊரறிய இழிவுபடுத்தப்பட்டபோது, சிங்கப்பூரின் பண்டகசாலைத் தலைவர் சாங் ரஞ்சுனா தாப்பா மஜாபாகித் படைக்குக் கோட்டைக் கதவைத் திறந்துவிட்டார். நகர் வீழ்ந்தது.

ஹவாயில் விடை இன்னும் நேரடியானது. காஊ பகுதி மக்கள் தம்மை வருத்திய தலைவர்களைத் தாமே கொன்றதை 19ஆம் நூற்றாண்டு ஹவாய் அறிஞர் டேவிட் மாலோ பதிவு செய்துள்ளார். தமிழில் பாண்டியன் நெடுஞ்செழியன் தன் தீர்ப்பின் பிழை உணர்ந்த அக்கணமே அரசுகட்டிலில் வீழ்ந்து இறந்தான். வானமும் குடிகளும் தலையிடுவதற்கு முன்னரே அவன் தன் நெஞ்சால் தண்டிக்கப்பட்டான்.

ஒன்பது கலங்கள் இன்று எங்குமில்லை. கி.மு. 219இல் சின் பேரரசன் அவற்றைத் தேடி ஆயிரம் பேரை ஆற்றில் மூழ்கச் செய்தும் வெறுங்கையுடன் திரும்பினான். ஹவாயில் 1819இல் இரண்டாம் கமேஹமேஹா காலத்தில் கபு முறை ஒழிக்கப்பட்டது, கற்றளிகள் கைவிடப்பட்டன, எஞ்சிய பாஹு முரசுகள் சில அருங்காட்சியகங்களில் உள்ளன. சங்ககால முரசில் ஒன்றும் நம் கைக்கு வரவில்லை. அதன் தோலும் மரமும் கட்டிலும் பாடல்களில் மட்டும் உள்ளன. நோபாட்டோ கிள்ளானில் முழங்கியது. இனி அடுத்த சுல்தான் அமரும் நாளிலும் முழங்கும்.